மிதவையில் குத்திய முள்

கதிரவேலு தன் வலது கைக்கு வேலை சொன்ன நாட்கள் குறைவு. கை செய்து முடித்ததைப் பார்த்துத்தான் அவர் பல விஷயங்களைத் தெரிந்துகொண்டார். பொலிகண்டிக் கரையில் பிறந்து, ஒன்பது வயதில் தகப்பனின் வள்ளத்தில் ஏறி, நாற்பத்துநான்கு வருசம் தூண்டில் தொழில் செய்தவர். அந்தக் கை தானாக இரையைக் கோக்கும். தானாக நூலைச் சுண்டும். மீனைக் கழற்றியதும் தானாகவே முள்ளை வள்ளத்தின் விளிம்புப் பலகையில் டக்கென்று குத்தி வைக்கும். காலில் ஏறாமலும் நூல் சிக்காமலும் இருக்க அந்தக் கரையில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. அவருடைய பழைய வள்ளத்தின் விளிம்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கும். பிறகு பைபர் வள்ளம் வாங்கியபோதும், முள் குத்துவதற்கென்றே விளிம்பில் ஒரு பலகையை அடித்துக்கொண்டார்.

இந்தப் பழக்கத்தால் ஒரு தடவை மூன்று பேர் சாகப் பார்த்தார்கள். ஒருவரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1989 மாசியில் கரையில் ஒரு வெள்ளைப் பீப்பா ஒதுங்கியது. எந்தக் கப்பலிலிருந்து கழன்றதோ தெரியாது. இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கலாம். உள்ளே காற்று நிரப்பும் ரப்பர் மிதவை மடித்துக் கிடக்கிறது, கப்பல் தாழ்ந்தால் ஏறித் தப்புவதற்கு என்று கப்பலில் வேலை செய்த ஒருவர் பார்த்துச் சொன்னார். வெளியே தொங்கும் கயிற்றை முழுவதும் இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டினால் தானாக விரியுமாம்.

ஊரில் எல்லோரும் அதை உடைக்கச் சொன்னார்கள். கூரை மூடும் தறப்பாள் துணிக்குத் தட்டுப்பாடான காலம். உள்ளே நல்ல தடித்த சீலை கிடக்கும், கூரைக்கு ஆகும் என்றார்கள். கதிரவேலு உடைக்கவில்லை. பெரிய யோசனை ஒன்றும் இல்லை. முழுதாக இருக்கும் சாமானை உடைப்பது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். மனைவி சிவக்கொழுந்து அதன் மேல் சுளகை வைத்து மிளகாய் காய விட்டாள். பீப்பாவின் உயரம் கோழிக்கு எட்டாது என்று அவளுக்கு அதில் நல்ல திருப்தி.

1991 ஐப்பசியில் அந்தப் பீப்பா வள்ளத்தில் ஏறியது. யுத்தத்தால் ஆழக்கடலில் தொழில் செய்ய விடாத காலம். கதிரவேலுவும் சிவக்கொழுந்தின் தம்பி மார்க்கண்டுவும் இடைக்கிடை ஆட்களை இந்தியக் கரைக்குக் கொண்டுபோய் விட்டு வந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை ஒரே ஒரு ஆள்தான், சாவகச்சேரிப் பக்கத்து ஞானாம்பிகை. ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருசம் நோயாளரைப் பார்த்தவள். திருச்சியில் தமக்கை பாரிசவாதத்தில் படுத்திருந்தாள். கவனிக்க ஆளில்லை. அதற்காகத்தான் பயணம்.

“மிசிக்கு இருக்கக் கதிரை இல்லை. உந்தப் பீப்பாவிலை இருங்கோ” என்றான் மார்க்கண்டு. ஏதோ கடைசி நேரத்தில் தோன்றி அதைத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

“நான் மிசி இல்லை, அற்றென்டன்” என்றாள் ஞானாம்பிகை. மிசி என்றால் தாதி, அற்றென்டன் என்றால் வாட்டு உதவியாள். பத்து நிமிசம் இருந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “நாரி முறியுது. உதுக்குள்ளை என்ன கிடக்கு?” என்று கேட்டாள்.

“அக்காவின்ரை மிளகாய்த் தட்டு” என்றான் மார்க்கண்டு.

பாதி வழியில் எஞ்சின் நின்றது. பெற்றோல் இல்லாத நாளில் மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சின், நிற்காமல் போயிருந்தால்தான் புதுமை. மார்க்கண்டு கழற்றினான், ஊதினான், திட்டினான். வள்ளம் தன்பாட்டில் கிழக்கே போனது. செவ்வாய் விடியும்போது ஒரு மிதந்த மரக்குற்றி வந்து அடித்தது. வள்ளத்தில் முன்பு ஒட்டுப் போட்ட இடம் பிளந்தது. இரண்டு பேர் தண்ணீரை இறைக்க, நாலு பேர் அள்ளி ஊற்றுகிற மாதிரி உள்ளே வந்தது.

கதிரவேலு பீப்பாவை உருட்டிக் கடலில் தள்ளினார். கயிற்றை இழுத்தார். பத்துப் பாகம், அறுபது அடிக்கு மேல் வந்துகொண்டே இருந்தது.

“அத்தான், உது கயிற்றுக் கடையோ?” என்று கத்தினான் மார்க்கண்டு.

கயிறு முட்டியது. கதிரவேலு ஒரு வெட்டு வெட்டினார். டமார் என்று பீப்பா இரண்டாகப் பிளந்து, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வீடு எழும்பி நின்றது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டக் குழாய்கள், மேலே கூடாரம். இரண்டு வருசத்துக்கு மேல் மிளகாய் காய்ந்த சாமான். ஞானாம்பிகை கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதலில் ஏறினாள். மற்ற இருவரும் ஏறிக் கயிற்றை அறுத்தபோது வள்ளத்தின் மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

உள்ளே ஒரு பை கட்டியிருந்தது. ஞானாம்பிகை ஆங்கிலம் கூட்டி வாசிக்கக் கூடியவள். ஒவ்வொன்றாக எடுத்து, வாசித்து, மடியில் அடுக்கினாள். தண்ணீர் டப்பா பன்னிரண்டு, அதில் நாலு துருப்பிடித்து வெறுமை. விசுக்கோத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இனிப்புக் கட்டிகள் பரவாயில்லை. காற்றடிக்கும் துருத்தி ஒன்று. ஒட்டும் பசை, கல்லாகியிருந்தது. வெளிச்சம் காட்டக் கொளுத்தும் குழல்கள். கடைசியில் கையளவு பொலித்தீன் உறை.

“மீன் பிடிக்கிற சாமானாம்” என்று கதிரவேலுவிடம் நீட்டினாள்.

ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் சுற்றிய தங்கூசி என்கிற நைலோன் நூல், ஆறு முட்கள், மீனை ஏமாற்ற மினுங்கும் தகடு இரண்டு. கதிரவேலு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வள்ளம் போன கவலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“உது திருவிழாக் கடையிலை பிள்ளையளுக்கு விக்கிற சாமான்.”

“பிள்ளையள் மாதிரித்தான் இப்ப நாங்களும் இருக்கிறம்” என்றாள் ஞானாம்பிகை. “இண்டைக்கு ஒருத்தருக்கும் தண்ணி இல்லை. உடம்பிலை இருக்கிறது காணும். நாளையிலையிருந்து மூண்டு நேரம், நேரத்துக்கு மூண்டு மிடறு. பகலிலை சட்டையை நனைச்சுப் போட்டுக்கொண்டு சும்மா படுங்கோ. கதையும் குறைவு.”

“கதைக்கவும் விடமாட்டாவாம்” என்றான் மார்க்கண்டு.

“உமக்குத்தான் முக்கியமாச் சொன்னது.”

புதன்கிழமை மிதவையின் நிழலுக்குப் பாரை மீன்கள் வந்து கூடின. கதிரவேலுவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தகட்டைக் கட்டி விட்டார். சட்டத்திலிருந்து நூல் இறங்குவதைப் பார்க்கவே அவருக்கு மனம் ஆறியது. வள்ளம் போனது, எஞ்சின் போனது, தான் கொண்டுவந்த பெண்பிள்ளை நடுக்கடலில் கிடக்கிறாள். இது ஒன்றாவது தன்னால் ஆகிற காரியம். ஐந்து நிமிசத்தில் முழங்கையளவு நீளத்தில் ஒரு பாரை வந்து துடித்தது.

“திருவிழாச் சாமான் பிடிச்சிட்டுதே!” என்றான் மார்க்கண்டு. “வெட்டுங்கோ அத்தான்.”

“வெட்டக் கூடாது” என்றாள் ஞானாம்பிகை.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“மீன் திண்டால் அதைச் செமிக்கவும் கழிக்கவும் உடம்பு தண்ணி கேக்கும். தண்ணி இல்லை. தாகத்தோடை கிடக்கிற ஆளுக்கு மீன் நஞ்சு.”

“பிழிஞ்சு சாற்றைக் குடிக்கலாம்” என்றார் கதிரவேலு. “பழைய ஆக்கள் சொல்லுறவை.”

“சாறும் சாப்பாடுதான். பழைய ஆக்கள் எத்தினை பேர் திரும்பி வந்து சொன்னவை? நான் வருசா வருசம் கந்தசட்டிக்கு ஆறு நாள் மிளகும் தண்ணியுமா இருக்கிறனான். ஆறாம் நாளும் வாட்டிலை வேலை செய்தனான். பசியாலை நாலு நாளிலை ஒருத்தரும் சாகிறேல்லை. தண்ணி இல்லாமல்தான் சாகிறது.”

“மிசி, பிடிச்ச மீனைத் திருப்பிக் கடலிலை விடுறதோ? என்ரை பரம்பரையிலை நடக்கேல்லை” என்றார் கதிரவேலு.

“இண்டைக்கு நடக்கட்டும்.”

கதிரவேலுவுக்கு முகம் கறுத்தது. நாற்பத்துநான்கு வருசம் கடலில் கிடந்த மனிதனுக்கு, சாவகச்சேரிக்காரி மீன் பாடம் சொல்லுகிறாள். ஆனால் அவள் சொன்னது சரியாக இருந்தால்? கொண்டுவந்த ஆளைக் கொன்றவன் என்ற பெயர் வேண்டாம். மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றினார். மீனை எறிந்தார். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே எறிந்தார். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வலது கை தன் வழக்கமான வேலையைச் செய்தது. முள்ளை விளிம்பில் குத்தியது.

டக்கென்ற சத்தம் வரவில்லை. உஸ்ஸ்ஸ் என்றது.

கதிரவேலு கையைப் பார்த்தார். மேல் குழாயின் உட்பக்கத்தில் முள் வளைவு வரை இறங்கியிருந்தது. ஒரு கணம் அவருக்கு அது வேறு யாருடையதோ கை போல இருந்தது. பிறகு பதறி முள்ளைப் பிடித்தார்.

“இழுக்காதையுங்கோ!”

ஞானாம்பிகையின் குரல் வாட்டின் மறுகோடி வரை கேட்கும் குரல். கை நின்றது.

“விடுங்கோ. கையை எடுங்கோ. குத்தின சாமானை எடுக்கக் கூடாது. கத்தி குத்தினாலும் கம்பி குத்தினாலும் அப்பிடியே விட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறது. இழுத்தால் செவுள் கிழிச்சுக்கொண்டு வரும். இப்ப ஓட்டை முள்ளின்ரை அளவு. பிறகு உங்கடை விரலின்ரை அளவு.”

செவுள் என்றால் முள்ளின் எதிர்க்கூர். கவ்விய மீன் கழன்று போகாமல் இருக்க வைத்தது. தன் தொழிலின் நுணுக்கத்தை அவள் வாயால் கேட்டபோது கதிரவேலுவுக்கு உடல் கூசியது. முள் உள்ளே நின்றபடியே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. சுற்றிவரத்தான் காற்றுக் கசிந்தது. ஆனாலும் மேல் குழாய் மெல்ல மெல்லச் சோர்ந்தது. கீழ்க் குழாய் மட்டும் மிஞ்சினால் ஒரு சிறு அலை போதும், உள்ளே வந்துவிடும். அது மூவருக்கும் தெரிந்தது.

மார்க்கண்டு துருத்தியை மாட்டி மிதிக்கத் தொடங்கினான். மிதித்துக்கொண்டே அவன்தான் கேட்டான்.

“மிசி, சவர்க்காரம் இருக்கோ?”

“ஏன், முகம் கழுவப்போறீரோ?”

“பகிடி இல்லை. எண்ணெய்த் தாங்கி ஒழுகினால் நாங்கள் சவர்க்காரம்தான் தேய்ச்சு அடைக்கிறனாங்கள். உடைச்சுக் களி மாதிரிப் பிசைஞ்சால் பிடிக்கும்.”

சவர்க்காரம் தேடி ஊர் அலைந்த காலம் அது. ஞானாம்பிகையின் கைப்பையில், தகர டப்பாவுக்குள், பாதித் துண்டு இருந்தது. எங்கே போனாலும் கை கழுவ அவளுக்குச் சவர்க்காரம் வேண்டும். ஆஸ்பத்திரி படிப்பித்த பழக்கம். அதே பையில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்ச் சுருள் ஒன்றும் இருந்தது.

அவள் சவர்க்காரத்தைப் பிசைந்து முள்ளைச் சுற்றி அப்பினாள். கதிரவேலுவிடம் நூலைக் கேட்டாள். முள்ளின் தண்டிலே தங்கூசியை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேலும் சவர்க்காரம் பூசி, ரப்பரைத் துடைத்துக் காயவிட்டு, குறுக்கும் நெடுக்கும் பிளாஸ்டர் ஒட்டினாள். வேலை முடிந்தபோது அது மருந்து கட்டிய பெருவிரல் மாதிரி இருந்தது.

காதை வைத்துக் கேட்டார்கள். உஸ் இல்லை. ஒரு மெல்லிய மூச்சு மட்டும்.

“மணித்தியாலத்துக்கு ஒருக்கா நூறு மிதி” என்றாள். “முறை வைச்சு மிதிப்பம். அண்ணை முதல்.”

“மிசி, என்னைப் பேசுங்கோ” என்றார் கதிரவேலு, திட்டு வாங்கினால் மனம் ஆறும் என்று. “ஏதாவது பேசிப்போடுங்கோ.”

“பேசினால் தாகம் எடுக்கும்” என்றாள் அவள்.

வியாழக்கிழமை தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. மார்க்கண்டு வெளிச்சக் குழலைத் தூக்கினான்.

“கொளுத்தட்டோ?”

“கொளுத்தினால் ஆர் வருவினம் எண்டு உதிலை எழுதியிருக்கோ?” என்று கேட்டாள் ஞானாம்பிகை. எழுதியிருக்கவில்லை. காப்பாற்றுகிறவர்களும் வரலாம், சுடுகிறவர்களும் வரலாம். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றே செம்மஞ்சள் பூசிய கூடாரத்துக்குள், ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று மூவரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். கப்பல் தன் வழியில் போனது. கதிரவேலு எழும்பி நூறு மிதித்தார்.

அன்று கடைசி டப்பாவைத் திறந்தார்கள். அவருக்கு நாக்குத் தடித்து, கன்னத்தில் ஒட்டியது. மீன்கள் கீழே பளபளவென்று ஓடின. அவர் பார்க்கவில்லை. தூண்டில் சட்டம் பையின் அடியில் கிடந்தது. அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய பிடரியில் குளிர்ந்த காற்று ஒன்று பட்டது. நாலு நாளும் மேற்கிலிருந்து வீசிய கச்சான் நின்றுவிட்டது. கதிரவேலு கண்ணை மூடி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாடை” என்றார். “மச்சான், வாடை பிறந்திட்டுது! இனிக் கரைக்குத்தான் தள்ளும்.”

வாடை தனியே வரவில்லை, மழையோடு வந்தது. கூடாரத்தின் மேல் விழுந்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக உள்ளே இறங்கியது. செய்தவன் கெட்டிக்காரன்.

“முதல் தண்ணியிலை உப்பு. ஊத்துங்கோ. ரண்டாந் தண்ணி குடிக்கலாம். மெள்ள, மெள்ள” என்று ஞானாம்பிகை சத்தம் போட்டாள். மார்க்கண்டு மெள்ளக் குடிக்கவில்லை. குடித்ததையெல்லாம் வெளியே சத்தி எடுத்து, பேச்சு வாங்கி, திரும்பவும் குடித்தான். வெறுமையான டப்பா எல்லாம் நிறைந்தன. விசுக்கோத்துத் தகரமும் நிறைந்தது.

எல்லாம் நிறைந்த பிறகு ஞானாம்பிகை பைக்குள் கையை விட்டுத் தூண்டில் சட்டத்தை எடுத்துக் கதிரவேலுவின் மடியில் போட்டாள்.

“இப்ப தண்ணி இருக்கு. மீன் பிடியுங்கோ.”

“வேண்டாம் மிசி. என்ரை கையை நம்பேலாது.”

“நானும் நம்பேல்லை.” அவள் தன் கால் செருப்பைக் கழற்றி, ரப்பர் அடியை அவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். “கை எங்கையாவது குத்தத்தானே போகுது. உதிலை குத்தட்டும்.”

முதல் பாரை வந்தது. கழற்றினார். கை தானாக இறங்கியது. டக். முள் செருப்பில் நின்றது. கதிரவேலு சிரித்தார். கடலில் இறங்கிய பிறகு முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தார். உதடு வெடித்து இரத்தம் வந்தது, அதற்கும் சிரித்தார். அரை மணித்தியாலத்தில் நாலு மீன், நாலு டக். செருப்புக்காரி ஒரு தடவையும் கையை எடுக்கவில்லை.

மார்க்கண்டு வெட்டிப் பங்கு வைத்தான். பச்சையாகத்தான். ஞானாம்பிகைக்கு நீட்டும்போது அவனுக்கு நினைவு வந்தது.

“மிசி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ? மச்சம் தொடுவியளோ?”

“வெள்ளி, செவ்வாய் எல்லாம் கரையிலை” என்று சொல்லி வாங்கி, மென்று, விழுங்கி, கையைக் கழுவினாள். “உப்புத்தான் கொஞ்சம் கூட.”

சனிக்கிழமை காலை, பொலிகண்டியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்து மணற்காட்டுக் கரையில் கிறகோரி என்ற மீனவர் செம்மஞ்சளாக ஏதோ ஒதுங்குவதைக் கண்டார். நல்ல சீலை, ஒழுகும் குசினிக்குக் கூரையாகப் போடலாம் என்று கத்தியோடு ஓடி வந்தார். கூடாரத்தைப் பிடித்து நீக்கினால் உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை, “கத்தியைக் கீழை போடும் தம்பி, காத்துப் போயிடும்” என்றாள். கிறகோரி கத்தியையும் போட்டு, தானும் மணலில் குந்திவிட்டார்.

“எங்கையிருந்து வாறியள்?”

“இந்தியாவுக்கு வெளிக்கிட்டனாங்கள்” என்றான் மார்க்கண்டு. “இது எந்த இடம்?”

“மணற்காடு.”

“கிட்டத்தட்ட வந்திட்டம்.”

மிதவையை மணலில் இழுத்துப் போட்டார்கள். கால் தரையில் நிற்க மறுத்தது. கிறகோரி வீட்டிலிருந்து ஆட்கள் தேத்தண்ணியோடு ஓடி வந்தார்கள். கதிரவேலு குடிக்கவில்லை. மிதவைக்குள் திரும்பித் தவழ்ந்து போய் பிளாஸ்டரை உரித்தார். சவர்க்காரத்தைச் சுரண்டினார். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முள்ளைப் பிடித்து, மிசியைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப இழுக்கலாம்” என்றாள் ஞானாம்பிகை.

இழுத்தார். செவுள் கிழித்துக்கொண்டு வந்தது. விரல் நுழையும் ஓட்டை. காற்று ஓவென்று இரைந்து வெளியேறி, மேல் குழாய் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணலில் சப்பையாகக் கிடந்தது. எண்ணினால் முப்பது கூட வராது. கதிரவேலு அப்படியே இருந்து பார்த்தார். பிறகு எழும்பி வந்து தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். இழுத்த வேகத்தில் முள் அவருடைய பெருவிரலைக் கீறியிருந்தது.

“துருப்பிடிச்ச முள்” என்றாள் ஞானாம்பிகை விரலைப் பிடித்துப் பார்த்து. “இண்டைக்கே போய் ஏற்பு ஊசி போடவேணும். நான் கேப்பன்.”

சீலையைக் கிறகோரியே எடுத்துக்கொண்டார். நியாயம்தான், கண்டவர் அவர்.

ஞானாம்பிகை பதினைந்து நாள் கழித்து வேறொரு வள்ளத்தில் போய்ச் சேர்ந்தாள். தமக்கை அதற்குப் பிறகு நெடுநாள் இருந்தாள். கதிரவேலு ஆட்களை ஏற்றவில்லை. கரையோரத்தில் மற்றவர்களின் வள்ளத்தில் தூண்டில் போட்டுக் காலத்தைக் கொண்டுபோனார்.

இன்னும் சொல்ல வேண்டியது, வீட்டுக்கு வந்த அன்று நடந்ததுதான். சிவக்கொழுந்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். புருசனும் தம்பியும் இந்தியாவில் இருக்கிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தபடியால் ஐந்து நாளும் நன்றாக நித்திரை கொண்டவள்.

“என்ன, கெதியா வந்திட்டியள்? என்ரை பீப்பா எங்கை? மிளகாய் முழுக்கக் கோழி கிளறுது.”

மார்க்கண்டு எல்லாவற்றையும் சொன்னான். எஞ்சினை, மரக்குற்றியை, மீனை, முள்ளை, சவர்க்காரத்தை. அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி கேட்டாள். அழவில்லை. கதிரவேலுவின் வலது கையை எடுத்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொட்டிலுக்குள் போய், வலையில் கட்டுகிற மிதவைக்கட்டை ஒன்றைத் தேடி எடுத்து, துளையில் கயிறு கோத்து, வந்து அவருடைய கழுத்தில் கட்டி முடிச்சுப் போட்டாள்.

“இனி எந்த வள்ளத்திலை போனாலும் உதிலைதான் குத்த வேணும்.”

கதிரவேலு கட்டையை நெஞ்சில் தடவிப் பார்த்தார். கைக்கு அருகில், சரியான இடத்தில்தான் தொங்கியது.

“பாருங்கோ சனங்களே” என்று மார்க்கண்டு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினான், “அக்கா அத்தானுக்குத் தாலி கட்டிப்போட்டா!”